கூடிக் கேட்கும் செல்வம்

பாட்டுக் கேட்பதற்குப் பயணம் போக வேண்டுமா? இக்கேள்வியை எம்மிடம் பலர் கேட்டிருக்கின்றனர். அதில் நியாயமும் உண்டு. சட்டைப் பைக்குள் அடங்கும் கைத்தொலைபேசி ஒன்றில் அரியக்குடியும் செம்பையும் அருகருகே வீற்றிருக்கும் காலம் இது. விரலால் தொட்டால் பாடுவர்; மீண்டும் தொட்டால் நிறுத்திக்கொள்வர். அவர்களுக்கு வண்டிச் சத்தமும் வேண்டாம், வெற்றிலைத் தட்டும் வேண்டாம். அப்படியிருக்க, ஞாயிற்றுக்கிழமை உண்ட களை தீருமுன், வெயிலில் குடை பிடித்துக்கொண்டு, கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போவோரை என்னவென்று சொல்வது?

அப்படிப் போவோருள் நாமும் ஒருவர். ஆகவே, எம்மினத்தார்க்காகச் சில வார்த்தை பேச வாசகர்கள் இடந்தர வேண்டும்.

கொட்டாஞ்சேனை கொழும்பு 13. வெள்ளவத்தை கொழும்பு 6. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர். தபால் இலக்கத்திலும் தூரத்திலும் இது பெரிதன்று. ஆயினும் கொழும்புத் தமிழர் வாழ்வில் இவ்விரண்டும் இரு வேறு ஊர்கள். வடக்கே கொட்டாஞ்சேனை: துறைமுகத்தின் இரைச்சல், செட்டியார் தெருவின் பொற்கடைகள், கோவில் மணியும் தேவாலய மணியும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருக்கும் சந்துகள். தெற்கே வெள்ளவத்தை: கடற்காற்று, தொடர்மாடிகள், ஒழுங்கைக்கு ஒரு வீணை வகுப்பு, பரதநாட்டிய அரங்கேற்ற அழைப்பிதழ்கள். வடக்கில் உள்ளவர் தெற்கில் உள்ளவரைப் 'பெரிய இடத்தார்' என்பர். தெற்கில் உள்ளவர் வடக்கைப் பற்றி அதிகம் பேசுவதில்லை; அதுவும் ஒருவகைப் பேச்சுத்தான்.

இவ்விரு ஊர்களையும் இணைக்கும் வழி நாம் கண்டுபிடித்ததன்று. எமக்கு முன்னரே முருகப்பெருமான் அவ்வழியே சென்றிருக்கின்றார். ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருக் கதிரேசன் கோவிலிலிருந்து வேற்பெருமான் தேரேறிக் காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோவிலுக்கு எழுந்தருளும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. முன்னே தவிலும் நாதஸ்வரமும் செல்லும். பின்னே ஊர் செல்லும். கொழும்பில் இசை வடக்கிலிருந்து தெற்கு நோக்கிப் பயணம் செய்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எம் முன்னோர் இசை கேட்கச் சென்ற வண்டிகள் பல. 1899 முதல் 1960 வரை கொழும்புத் தெருக்களில் டிராம் வண்டிகள் ஓடின. கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸ் நோக்கி ஒரு பாதையும், பொரளை நோக்கி மற்றொரு பாதையும் இருந்தன. 1953 முதல் 1964 வரை மின்கம்பியைப் பற்றிக்கொண்டு ஓடும் டிரொலி பஸ்களும் இருந்தன. அவை மறைந்துவிட்டன. பஸ்ஸும் புகையிரதமும் எஞ்சியுள்ளன. நாம் பெரும்பாலும் புகையிரதத்தையே விரும்புவோம். கோட்டையில் ஏறினால் கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, அடுத்தது வெள்ளவத்தை. கொள்ளுப்பிட்டியிலிருந்து கடல் எம்முடனேயே வரும். கதவோரம் நின்று காற்று வாங்கிக்கொண்டு செல்வது ஒரு கச்சேரிக்கு முன்னால் சுருதி சேர்ப்பது போன்றது.

கொட்டாஞ்சேனையை இசையற்ற ஊர் என்று எண்ணுவோர் சற்றுப் பழைய கதை அறியவேண்டும். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோவிலைச் சேர். பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுவதும் கருங்கல்லால் எழுப்பினார். அக்கல் மண்டபத்தில் நாதஸ்வர ஓசை எழும்பிச் சுழன்று அடங்குவதை ஒருமுறை கேட்டவர், எந்த ஒலிபெருக்கியையும் பிறகு பெரிதாக மதியார். சுவாமி விவேகானந்தர் 1897 சனவரியில் கொழும்பிற்கு வந்து சென்றதன் நினைவாக 1902 இல் உருவான விவேகானந்த சபை, விவேகானந்த மேட்டில் இன்றும் நிற்கின்றது. ஜிந்துப்பிட்டியும் அதன் சூழலும் கொழும்புத் தமிழ் நாடகத்தின் தாய்வீடு. தமிழகத்து நாடகக் கம்பெனிகள் கப்பலேறி வந்து கொழும்பில் மாதக் கணக்கில் தங்கி நடித்தன. 1926 ஆம் ஆண்டளவில் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் மேடையில் இணைந்தது இக்கொழும்பு மாநகரில்தான். மேடையில் தொடங்கிய இணைப்பு மணவாழ்விலும் முடிந்தது. கிட்டப்பா 1933 இல், முப்பது வயதும் நிரம்பாத பருவத்தில், மறைந்தார். சுந்தராம்பாள் 1980 வரை வாழ்ந்தார். கிட்டப்பா மறைந்தபின் வெள்ளாடையே உடுத்தினார். அவ்விருவரின் குரல்களும் கொழும்பில் ஒன்றையொன்று கண்டுகொண்டன என்பதில் இந்நகரத்தார்க்கு ஒரு பெருமை உண்டு.

வெள்ளவத்தையின் இசைச் சிறப்பு சற்றுப் பிற்பட்டது. அரசாங்க உத்தியோகம் தேடி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் இங்கே குடியேறினர். இராமகிருஷ்ண மிஷன் மண்டபம், 1942 இல் தோன்றி இன்று 57 ஆம் ஒழுங்கையில் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கம், அயலிலே பம்பலப்பிட்டியில் சரஸ்வதி மண்டபம் என இசைக்கு வீடுகள் அமைந்தன. தமிழகத்து வித்துவான்கள் சென்னை எழும்பூரில் 'போட் மெயில்' ஏறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மறுபடியும் புகையிரதம் பிடித்துக் கோட்டையில் வந்து இறங்குவர். 1914 இல் தொடங்கிய அந்த வழி, 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு பழைய உருவம் இழந்தது.

பயணமே செய்யாமல் இசை கேட்கும் பழக்கத்தை எமக்குக் கற்பித்ததும் கொழும்புதான் என்பது வேடிக்கை. 1925 டிசம்பரில் இங்கே வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது. 1950 இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை பிறந்தது. 1952 இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கர் அவர்கள் திரைப்பாடல்களுக்கு அகில இந்திய வானொலியில் இடத்தைக் குறைத்தபோது, பாரத நாட்டின் செவிகள் கொழும்பை நோக்கித் திரும்பின. தமிழகத்துக் கிராமங்களிலும் கொழும்பின் குரலே காலையில் கோழிக்கு அடுத்தபடி ஒலித்தது. அந்நாளில் வானொலியும் ஒரு கூட்டுச் செல்வமே. தெருவில் ஒரு வீட்டில் வானொலி இருந்தால் திண்ணை முழுவதும் ஆட்கள் இருப்பர். பாட்டு முடிந்ததும் அதைப் பற்றி ஒரு வழக்காடல் நடக்கும். அந்த வழக்காடலையே நாம் இன்று இழந்து நிற்கின்றோம்.

இனி, எமது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக உள்ள ஓர் ஒழுங்கையில், தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் தட்டில், மாதத்தில் ஒரு ஞாயிறு பதினைந்து இருபது பேர் கூடுவோம். எமக்குச் சங்கமென்ற பெயரில்லை, தலைவர் இல்லை, சந்தாவும் இல்லை. வருபவர் ஏதேனும் ஒரு பலகாரம் கொண்டுவரலாம் என்பது மட்டுமே விதி. வீட்டுக்காரர் எழுபத்தைந்து வயது கடந்த ஓய்வுபெற்ற உத்தியோகத்தர். அவரிடம் பழைய இசைத்தட்டுகளும் கைச்சாவியால் முறுக்கும் கிராமபோன் ஒன்றும் உண்டு. கொட்டாஞ்சேனையிலிருந்து நாமும் அயலவர் மூவரும் செல்வோம். அவர்களில் ஒருவர் செட்டியார் தெரு நகைக்கடையில் பணிபுரிபவர். ஒருவர் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுபவர். மற்றவர் பல்கலைக்கழக மாணவர்.

அத்தட்டுகளின் தன்மையை இளம் வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். அவை அரக்குக் கலவையால் ஆனவை. நிமிடத்துக்கு எழுபத்தெட்டு முறை சுழல்பவை. ஒரு பக்கத்தில் மூன்று அல்லது மூன்றரை நிமிடந்தான் பாட்டு. கீழே விழுந்தால் உடையும். வெயிலில் வைத்தால் வளையும். உருக்கு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்றவேண்டும். இல்லையேல் தட்டின் வரிகள் தேயும். மணிக்கணக்கில் இராகம் பாடிய வித்துவான்கள் இம்மூன்று நிமிடத்துக்குள் தம் வித்தையை அடக்கினர். கடலைக் குடத்தில் அடைப்பது போன்ற வேலை அது. அதனாலேயே கேட்பவரும் மூச்சடக்கிக் கேட்பர். மீண்டும் கேட்க வேண்டுமானால் ஒருவர் எழுந்து சென்று சாவி முறுக்க வேண்டும். அவ்வளவு வருந்திக் கேட்பது அரைகுறையாகக் கேட்கப்படாது.

அண்மையில் நடந்த கூட்டத்தில், பழைய விருத்தம் ஒன்று சுழன்றது. இராகம் காம்போதியா, அரிகாம்போதியா என்று வாதம் எழுந்தது. மாணவர் தம் கைத்தொலைபேசியைத் துணைக்கு அழைத்தார். அது இரண்டையும் சொல்லாமல் மூன்றாவதொன்றைச் சொன்னது. அப்போது சாய்மனையில் அமர்ந்திருந்த முதிய சங்கீத ஆசிரியை சிரித்தார். "தம்பி, அதை வைச்சிட்டு இன்னொருக்காத் தட்டைப் போடும். மேல் சட்சத்தில இருந்து இறங்கேக்க ஒரு காகலி நிஷாதம் எட்டிப் பாக்கும், கவனியும்" என்றார். சாவி முறுக்கப்பட்டது. பதினெட்டுப் பேரும் அந்த ஒரு சுரத்துக்காகக் காத்திருந்தோம். தட்டின் பொரியும் ஓசைக்கு நடுவே, மின்னல்போல் அது வந்து மறைந்தது. அரிகாம்போதிக்கு உரியதன்று அந்த நிஷாதம். காம்போதி விருந்தினராக அழைத்து வைத்திருப்பது. நகைக்கடை நண்பர் தம்மையறியாமல் "அட!" என்றார். அந்த 'அட' என்ற சொல்லுக்காகவே நாம் பத்துக் கிலோமீற்றர் போகின்றோம். தனித்திருந்து கேட்டிருப்பின், அச்சுரம் எம் காதில் விழுந்தும் விழாமலே போயிருக்கும்.

அன்றைய தேநீர் வேளையில்தான் வீட்டுக்காரர் செய்தியைச் சொன்னார். கனடாவிலுள்ள மகள் அவரைத் தம்மிடம் வரும்படி அழைத்துவிட்டார். ஆண்டு முடிவதற்குள் இவ்வீடு வேறு கைக்கு மாறும். தட்டுகளை என்ன செய்வது?

அத்தட்டுகளின் கதையை அப்போதுதான் முழுவதும் கேட்டோம். அவர் தந்தையார் சேர்த்தவை இருநூறுக்கு மேல். 1983 ஆடிக் கலவரத்தில் அக்குடும்பம் உயிருடன் தப்பியது, வீடு எரிந்தது. அரக்குத் தட்டுகள் உருகி ஒரே கரிக்கட்டியாய்க் கிடந்தனவாம். இன்று சுழல்பவை எவ்வாறு எஞ்சின? கலவரத்துக்குச் சில கிழமைகள் முன்னர், பழுதடைந்த கிராமபோனைத் தந்தையார் கொட்டாஞ்சேனையிலுள்ள முஸ்லிம் கைவினைஞர் ஒருவரிடம் கொடுத்திருந்தார். பழுது தீர்ந்ததும் சோதித்துப் பார்ப்பதற்கென்று பன்னிரண்டு தட்டுகளையும் உடன் கொடுத்திருந்தார். ஊர் அடங்கிய பின்னர் அக்கைவினைஞர் அகதி முகாமுக்கும் உறவினர் வீட்டுக்கும் அலைந்து விசாரித்து, மாதங்கள் கழித்துப் பெட்டியையும் தட்டுகளையும் ஒப்படைத்தாராம். கூலி வாங்க மறுத்துவிட்டாராம். பத்திரமாக வீட்டில் வைத்தவை அழிந்தன. வெளியே போனவை பிழைத்தன. ஏனைய தட்டுகள் அதன்பின் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை.

இக்கதையைக் கேட்டபின் சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு மாணவர் முதலில் பேசினார். எல்லாத் தட்டுகளையும் கணினியில் பதிவு செய்து எல்லோருக்கும் அனுப்பிவிடலாம் என்றார். நல்ல யோசனை, அது செய்யப்பட வேண்டியதே. ஆனால் ஆசிரியை கேட்டார்: "அனுப்பினாப் பிறகு ஆர் வருவினம்?" அதற்கு அவரிடம் மறுமொழி இல்லை.

தேவாலயப் பாடகரான நண்பர் மெதுவாகச் சொன்னார்: "எங்கட கொட்டாஞ்சேனையில வைப்பம். மேல்மாடி சும்மாதான் கிடக்குது."

அப்போது அவ்வறையில் ஒரு சங்கடம் தோன்றியதை மறைத்துப் பயனில்லை. ஒருவர் வண்டி நிறுத்த இடமிருக்குமா என்றார். ஒருவர் இரவு திரும்புவது எப்படி என்றார். ஒருவர் மாடிப்படியைப் பற்றிக் கவலைப்பட்டார். எல்லாம் மெய்யான இடர்களே. ஆயினும் அவற்றுக்கு அடியில் சொல்லப்படாத ஒன்று இருந்தது. சங்கீதம் என்பது வடக்கிலிருந்து தெற்குக்கு வரவேண்டியது. தெற்கிலிருந்து வடக்குக்குப் போவதா என்பதே அது. நகைக்கடை நண்பர் கோபிக்கவில்லை. "ஐயாமாரே, நாங்க இத்தனை வருசமா வாறமே, பாதை அதேதானே?" என்று மட்டுமே கேட்டார்.

பாதை அதேதான். அப்பாதையில் எவ்வளவோ நடந்திருக்கின்றது. போர்க் காலத்தில் சோதனைச் சாவடிகளில் இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, மறுபடியும் ஏறிக் கச்சேரிக்குப் போனவர்கள் உண்டு. 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்தபின் பல நாள் எவரும் எங்கும் கூடவில்லை. 2020 இல் பெருந்தொற்று மண்டபங்களை மூடியது. 2022 இல் எரிபொருளின்றி வண்டிகள் வரிசையில் நின்றபோது, நாம் கால்நடையாகவும் புகையிரதக் கூட்டத்தில் நசுங்கியும் போனோம். அத்தனைக்கும் தாக்குப்பிடித்த ஒரு பழக்கம், மாடிப்படிக்கு அஞ்சி நின்றுவிடலாமா?

கூடிக் கேட்பதன் அருமையை உலகம் அறிந்த ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். திருவையாற்றில் தியாகராச சுவாமிகளின் ஆராதனை ஆண்டுதோறும் நடக்கின்றது. சுவாமிகள் சித்தியடைந்தது 1847 இல். சிதைந்து கிடந்த அவர் சமாதியை 1920களில் சீர்செய்து கோவிலாக்கியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். பெண்கள் அங்கே பாட இடமில்லை என்றிருந்த காலத்தில் வழக்காடி இடம் பெற்றவரும் அவரே. இன்று பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாட அங்கே கூடுவோரில் பெரிய வித்துவானும் இருப்பார், நேற்றுச் சரளிவரிசை முடித்த சிறுமியும் இருப்பாள். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலேயே அக்கீர்த்தனைகளைப் பாடலாமே! இருந்தும் காவிரிக் கரைக்கு ஏன் போகின்றனர்? தம் குரல் பிற குரல்களில் கரைவதைக் கேட்பதற்கே போகின்றனர். வீட்டில் அது நிகழாது.

வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்து, கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். கற்பதைத் தனித்தும் செய்யலாம். கேட்பதற்குச் சொல்பவர் ஒருவர் வேண்டும். இசைக் கேள்விக்கோ உடன் கேட்பவரும் வேண்டும் என்பது எம் துணிபு. எமக்குத் தெரியாததை அயலவர் காட்டித் தருகின்றார். அயலவருக்குப் பிடிபடாததை நாம் சுட்டுகின்றோம். சங்கீத ஆசிரியை காம்போதியைக் காட்டினார். தேவாலயப் பாடகர், நாடகப் பாட்டின் மெட்டொன்று கத்தோலிக்கப் பக்திப் பாடலில் எவ்வாறு புகுந்தது என்று பாடியே காட்டியிருக்கின்றார். நகைக்கடை நண்பருக்கு இலக்கணம் தெரியாது. ஆனால் தாளம் அரை மாத்திரை பிசகினால் அவர் விரல் நின்றுவிடும். இவர்கள் மூவரையும் ஓர் அறையில் இருத்துவதற்கு எந்தக் கருவியும் இன்னும் உண்டாகவில்லை. அதற்குக் காலால் நடந்துதான் வரவேண்டும்.

இறுதியில் எடுத்த முடிவு இது. தட்டுகள் அனைத்தும் பதிவு செய்யப்படும். அப்பொறுப்பை மாணவர் ஏற்றுக்கொண்டார். முதற் பன்னிரண்டு தட்டுகளும் கிராமபோனும் கொட்டாஞ்சேனைக்குப் போகும். அவற்றுக்கு அது புது இடமன்று. ஏனையவை அங்கத்தவர் வீடுகளில் பிரித்து வைக்கப்படும். ஒரே கூரையின் கீழ் எல்லாவற்றையும் வைப்பதன் ஆபத்தை வீட்டுக்காரரே எடுத்துச் சொன்னார். கூட்டம் ஒரு மாதம் வடக்கிலும் மறு மாதம் தெற்கிலும் நடக்கும். முதலாவது வடக்குக் கூட்டத்துக்கு வருவோர் பெயரைத் தாளொன்றில் எழுதினோம். பதினெட்டுப் பேரில் பதினொருவர் எழுதினர். முதலாவதாக எழுதியவர், மாடிப்படிக்கு அஞ்ச வேண்டிய வயதிலுள்ள சங்கீத ஆசிரியை. எழுதாத எழுவரையும் நாம் குறை கூறோம். தாள் இன்னும் மடித்து வைக்கப்படவில்லை.

வாசகர்களே, உங்கள் ஒழுங்கையிலும் பழைய தட்டுகளோ ஒலிநாடாக்களோ வைத்திருக்கும் ஒரு முதியவர் இருப்பார். அவர் பாட்டைத் தனியே கேட்டுக்கொண்டிருப்பார். கேட்க வருவோரில்லை என்று பெட்டியை மூடியும் வைத்திருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் கதவைத் தட்டுங்கள். கையில் ஒரு பொட்டலம் வடை இருந்தால் நன்று. இராகத்தின் பெயர் தெரியவில்லையென்று கூச வேண்டாம்; அதைச் சொல்லித் தருவதற்கு ஆள் கிடைத்ததென்று அவர் மகிழ்வார். அடுத்த மாதம் அவரை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள். போய்வருவதாலேயே உறவு வளர்கின்றது, இசையும் அவ்வாறே.